கேட் பிரின்டரும் என் கல்யாணப் பேச்சும்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் அதை டிவி மாதிரி எதிரே உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருப்பார். நான் அதற்குள் கையை விட்டு வேலை செய்தவள். அது பொய் சொல்லாதுதான். கேட்காததைச் சொல்லும், பாதியைச் சொல்லும், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற விவஸ்தை இல்லாமல் சொல்லும். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண்மணி இருந்தார். அவரோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதே காரியத்தைச் செய்கிற பெட்டிக்கு மட்டும் தனி அறை கொடுத்து ஏசியும் போட்டு வைக்கிறார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. மீஞ்சூரில் ரயில் ஏறிப் போய் வருவேன். பதவியின் பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கள் நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாலிபத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், பிறகு ஆலைகளில் மூட்டை தூக்கியவர். அவர் மகள் மூட்டை தூக்காமல் ஆலைக்குள் போகிறாள் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே ஆபீசரு" என்று மாதா கோயில் வாசலில் நின்று சொல்வார். ஃபாதரே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

நான் ஆபீசராக இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஆலை வாசலில், கேட்டை ஒட்டி டைம் ஆபீஸ். அதில் பாதியைப் பிளைவுட் வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் சர்வரையும் இந்தப் பக்கம் செக்யூரிட்டியையும் வைத்திருந்தார்கள். சர்வரோடு சேர்த்து என்னையும் வைத்தார்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர் இடிக்கும். சர்வர் யூனிக்ஸ் வகையறாவைச் சேர்ந்த லினக்ஸ் மிஷின். அதில் ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் மிஷினை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அது எனக்குத் தெரியாது. எங்கள் மேனேஜர் சிவராமன் சாருக்குத்தான் தெரியும். ரூட் வேலை ஏதாவது வந்தால் நான் போய்க் கூப்பிட வேண்டும். அவர் வந்து, "கொஞ்சம் திரும்பிக்கோம்மா" என்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பார். (அந்த வேகத்துக்குக் காதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். நான் யோக்கியமானவள், அதனால் செய்யவில்லை. யோக்கியமாக இருந்து என்ன கிழித்தேன் என்பது பின்னால் வருகிறது.)

ரூட் கையில் இல்லாததால் எல்லா வேலையையும் என் சொந்தக் கணக்கிலேயே செய்துவந்தேன். கணக்கின் பெயர் ஜெசி. ஜெசிந்தா என்பதன் சுருக்கம். ஆலை மூன்று ஷிப்டும் ஓடும். ராத்திரி எத்தனை டன் கம்பி உருட்டினார்கள் என்ற விவரமெல்லாம் சர்வரில் ஏறும். அதை அரை மணிக்கு ஒரு முறை இன்னொரு டிஸ்கில் நகல் எடுக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, நான் வீட்டில் தூங்கினாலும் அது தானாக எழுந்து ஓடும்படி வைத்திருந்தேன். அதுவும் ஜெசி பெயரில்தான் ஓடியது. இவ்வளவு பெரிய ஆலை ராத்திரியெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்துப் பூரித்துப் போவேன். வயசு அப்படி.

அந்தச் சமயத்தில் ஆலைக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. அதற்குத் தரச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஆடிட் வேண்டும். நிஜ ஆடிட்டுக்கு முன்னால் ஒத்திகைக்கு ஒரு ஆடிட்டர் வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே என் அறைக்கும் வந்து, "இந்த சிஸ்டத்துக்குள்ள யார் எப்ப வந்தாங்க, போனாங்கன்னு எங்க எழுதறீங்க?" என்று கேட்டார்.

நான் உற்சாகமாக சிஸ்லாக் பற்றிச் சொன்னேன். லினக்ஸுக்குள் அது ஒரு குமாஸ்தா. யார் உள்ளே நுழைந்தாலும், எது பழுதானாலும், தேதியும் மணியும் போட்டு ஒரு வரி எழுதிவிடும். எதை எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று ஒரு கோப்பில் நாம் சொல்லிவைத்தால் போதும்.

"டிஸ்க்ல எழுதினா ரூட் வெச்சிருக்கறவர் அழிச்சிடலாமே?" என்றார் ஆடிட்டர்.

சிவராமன் சாரின் முகம் சுருங்கியது. சந்தேகத்துக்குரியவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

"பேப்பர்ல அடிக்கறா மாதிரி வெச்சிடுங்க. அடிச்சதை யாரும் அழிக்க முடியாது. தப்பான பாஸ்வேர்டு போட்டு யாராவது நுழையப் பார்த்தா உடனே பேப்பர்ல வந்துடணும்" என்று சொல்லிவிட்டு ஆடிட்டர் போய்விட்டார். நல்ல யோசனைதான். பெரிய இடங்களில் அப்படிச் செய்வதுண்டு. பெரிய இடங்களில் அந்தப் பிரின்டரை எங்கே வைப்பார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஸ்டோரில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவந்தோம். என் அறையில் அதை வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டும். எனவே பிளைவுட்டில் ஓட்டை போட்டு, கேபிளை அந்தப் பக்கம் விட்டு, செக்யூரிட்டி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தோம். சிவராமன் சார் வந்தார். நான் திரும்பினேன். அவர் அடித்தார். "சீக்கிரம் முடிம்மா, நான் சாப்பிடப் போகணும்" என்று என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

இந்த இடத்தில் என் வாழ்க்கை ஒரே ஒரு எழுத்துக் குறியில் தொங்கியது. சிஸ்லாக்கிடம் ஒவ்வொரு வகைச் செய்திக்கும், எவ்வளவு முக்கியமானால் எழுத வேண்டும் என்று சொல்லலாம். யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டால் அது கவனிக்க வேண்டிய செய்தி. யாரோ ஒழுங்காக உள்ளே வந்து ஒழுங்காக வெளியே போனால் அது வெறும் தகவல். கவனிக்க வேண்டியதை மட்டும் எழுது என்று சொல்ல ஒரு சொல் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுது என்று சொல்ல ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. ஆடிட்டர் கேட்டது முதலாவது. நான் போட்டது இரண்டாவது. சார் பசியில் நின்றது பாதிக் காரணம். அதிகமாக எழுதினால் ஆடிட்டர் அதிகமாகச் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தது மீதிக் காரணம். பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கியே பழகிய பிள்ளைக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

கோப்பைச் சேமித்தோம். பிரின்டர் சும்மா இருந்தது. சார் என்னை முறைத்தார். எழுதிவைத்தால் மட்டும் சிஸ்லாக் படிக்காது, புதிதாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும் என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து கிர்ரென்று பெரிய சத்தம், கூடவே "ஐயய்யோ" என்று ஒரு குரலும் கேட்டது.

அது பாஸ்கர் அண்ணன். பகல் ஷிப்டு செக்யூரிட்டி. நல்ல மனுஷன். இந்தக் கதையில் எல்லோரையும் நான் திட்டுவேன், அவரைத் திட்ட மட்டும் எனக்கு மனசு வராது.

"இன்னா பாப்பா இது, தானா அடிச்சிக்குது?" என்று நடுங்கிப்போய்க் கேட்டார்.

நான் அவருக்கு அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இது தேதி, இது மணி, ஓப்பன்டு என்றால் உள்ளே போனது, க்ளோஸ்டு என்றால் வெளியே வந்தது, யூசர் என்பதற்குப் பக்கத்தில் இருப்பது ஆள் பெயர். சொல்லிக்கொடுத்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அண்ணே, இது ஆடிட்டுக்காக வெச்சது. யாரும் இத மாத்தி எழுத முடியாது. இதுல வந்துச்சின்னா அது சத்தியம்" என்று வேறு சொன்னேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். காகிதம் பகலும் இரவும் ஓடித் தரையில் மடிந்து குவிந்தது. நான் ஒரு நாள்கூட அதை எடுத்துப் பார்க்கவில்லை. பிரின்டர் ஓடுகிறதா, ஓடுகிறது. என் கவலை அத்தோடு முடிந்தது.

இதே நாட்களில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் டேவிட், மணவாள நகர். திருவள்ளூர் பக்கத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பர்மனென்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டு ஒற்றை அறையில் எல்லோரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். என்ன வேலை என்று டேவிட் கேட்டான். மாப்பிள்ளைகள் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்ததும் அவன், "அப்ப ஒருத்தர் உள்ள வந்ததை அது மறக்கவே மறக்காதா?" என்று கேட்டான். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அம்மா கண்ணால் எவ்வளவோ சாடை காட்டினார். நான் நிறுத்தவில்லை. அவனும் கேட்பதை நிறுத்தவில்லை.

அதுவரை என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. போகும்போது டேவிட்டின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறதா, வேணாவான்றது உன் இஷ்டம்மா" என்றார். அதற்கு முன் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடமும் முதல் கேள்வியே வேலையை எப்போது விடுவாள் என்றுதான் கேட்டது. எனக்கு இந்த இடம் வேண்டும். இந்தப் பையனும் வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு வீட்டுப் பாத்திரம் முழுக்கத் தேய்த்து வைத்தேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பூ வைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆலை கேட்டில் போய் விசாரிப்பதுதான் அது. இங்கே பாதிப் பேருக்கு ஆலை வேலைதான். புரோக்கர் வார்த்தையை எவனும் நம்ப மாட்டான், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியின் வார்த்தையை நம்புவான். பையனாக இருந்தால் பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, தண்ணி போடுவானா என்று கேட்பார்கள். எங்கள் நைனா டேவிட்டின் கம்பெனிக்குப் போய் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு எதிர்க் கடையில் நாஷ்டா முடித்துக்கொண்டு திருப்தியாகத் திரும்பி வந்தார். பெண்ணாக இருந்தால் ஒரே கேள்விதான். எத்தனை மணிக்கு வெளியே வருகிறாள்? டேவிட் எத்தனை மணிக்கு வெளியே வருகிறான் என்று கேட்க எங்கள் நைனாவுக்குத் தோன்றவே இல்லை.

விசாரிக்க வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் நான் பாஸ்கர் அண்ணனிடம் போனேன். புத்திசாலித்தனமாகக் காரியம் செய்கிறேன் என்று நினைப்பு.

"அண்ணே, என்னப் பத்தி விசாரிக்க ஆளு வருவாங்க. நல்லா சொல்லுண்ணே."

"இன்னா பாப்பா நீ, இத சொல்லணுமா? இன்னா சொல்லணும், அத்த சொல்லு."

"நல்லா உழைக்கிற பொண்ணுன்னு சொல்லு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நல்ல பெண், அடக்கமான பெண், பூசைக்குத் தவறாமல் போகிற பெண் என்று என்னென்னவோ சொல்லச் சொல்லியிருக்கலாம். உழைப்பாளி என்ற பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

வந்தவர் டேவிட்டின் பெரியப்பா. திருவள்ளூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுள் முழுக்க வாய் வார்த்தை தோற்றுக் காகிதம் ஜெயிப்பதைப் பார்த்தவர். ஒரு மத்தியான வேளையில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். நான் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். தன்னைப் பற்றி விசாரிக்கும்போது பெண் எதிரே வரக்கூடாது. எனவே கேபிள் ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். (சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்!)

"இங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதாமே?"

"ஜெசிம்மாவா? தங்கமான பொண்ணு சார். குந்துங்க, டீ சொல்றேன்."

"எத்தினி மணிக்கு வரும், எத்தினி மணிக்குப் போவும்?"

"காலைல டாண்ணு வந்துடும். சாயந்திரம் ஆறு மணி வண்டியப் புடிச்சி ஊட்டுக்குப் போய்டும்."

அங்கே முடிந்திருக்க வேண்டும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பெரியப்பா, "எல்லா கேட்லயும் இப்டித்தாம்பா சொல்றாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். பாஸ்கர் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வாய் வார்த்தை இல்ல சார். ரெக்கார்டு கீது. ஆடிட்டுக்கு வெச்சது. இத்த எவனும் மாத்தி எழுத முடியாது."

காகிதம் சரசரவென்று கிழியும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. காலையில் நான் நேரத்துக்கு வந்ததைக் காட்டப்போகிறார் என்று ஓட்டைக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"தோ பாருங்க, யூசர் ஜெசி. காலைல எட்டு அஞ்சு. இன்னா நான் சொன்னது? அதுக்கு மேல பாருங்க, இங்கயும் ஜெசி. ரெண்டு மணி..." பாஸ்கர் அண்ணன் சற்று நின்றார். "ராத்திரி ரெண்டு மணி போலக்குது சார். தோ, ரெண்டரை. தோ, மூணு." அப்புறம் அவர் குரலில் ஏறிய சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் பகல் ஷிப்டு சார், எனக்கே தெரியாது! ராத்திரில கூட வந்து வேலை செஞ்சிக்கினு கீது சார்! இன்னா உழைப்பு பாருங்க!"

நான் காதை ஓட்டையில் இன்னும் அழுத்தினேன்.

பெரியப்பா மெதுவாகப் பேசினார். கண்ணாடியைப் போட்டிருப்பார் என்று குரலே சொன்னது. "ரெண்டு மணிக்கு ஓப்பன்டு. ரெண்டு அஞ்சுக்கு க்ளோஸ்டு. மறுபடி ரெண்டரைக்கு ஓப்பன்டு. இன்னாப்பா இது, ராத்திரில வந்து வந்து போவுது?"

"வேலை அப்டி சார்."

"ஓப்பன்டு ஃபார் யூசர் ஜெசி, பை-ன்னு போட்டு பக்கத்துல யூஐடின்னு கீதே. யாரு அது?"

"அது பெரிய ஆபீசரா இருக்கும் சார்" என்றார் பாஸ்கர் அண்ணன். (அது ரூட்டைக் குறிக்கும். அந்த வகையில் அவர் சொன்னது பாதி சரி என்பதுதான் கொடுமை.)

இதற்கு மேல் அடக்கமான பெண்ணாகக் குந்தியிருக்க என்னால் முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"பெரியப்பா, அது நான் இல்ல. என் பேருல அதுவா ஓடுது."

"உன் பேருல வேற யாரும்மா போறது?"

"யாரும் போறதில்ல. மிஷினே என் பேருல உள்ள போய்ட்டு வெளிய வந்துடும். நான் ஊட்ல தூங்கிக்கினு இருப்பேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சாக்கு என்று எனக்குத் தெரிந்தது. கோர்ட்டில் இதைவிட நல்ல பொய்களைக் கேட்டவர் அவர். என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, பாவமாகப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்நேரம் சிவராமன் சார் சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். கடவுளே அனுப்பினார் என்று நினைத்தேன். "சார், நீங்க சொல்லுங்க சார். ஆறு மணிக்கு மேல லேடீஸ் யாரும் உள்ள இருக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க. இந்த லாக் எதனாலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவருக்குத் தெரியும். அந்தப் புரோகிராமை நான் எழுதியபோது பின்னால் நின்று பார்த்தவர் அவர்தான்.

பெரியப்பா காகிதத்தை நீட்டினார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த ரெக்கார்டு தப்பா?"

சிவராமன் சார் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீட்டியவர் வெள்ளை வேட்டியில் இருக்கிற, யாரென்று தெரியாத, கோர்ட்டு வாடை அடிக்கிற மனிதர். அடுத்த வாரம் ஆடிட். இந்த ஊரில் எதை யார் காதில் போட்டாலும் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"ரெக்கார்டு தப்பில்லைங்க. எங்க ரெக்கார்டுல தப்பே வராது."

"அது போதும் சார்" என்றார் பெரியப்பா. காகிதத்தை மடித்துப் பையில் வைக்கப் போனார். சிவராமன் சார் சட்டென்று அதைப் பிடுங்கிக்கொண்டு, "இது கம்பெனி டாகுமென்ட், வெளிய தர முடியாது" என்றார். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் பெரியப்பாவுக்கு அத்தோடு தீர்ந்துவிட்டது. "பொண்ணு நல்ல பொண்ணுதாங்க" என்று சார் சேர்த்துச் சொன்னபோது அவர் கேட்டைத் தாண்டியிருந்தார். வாங்கி வைத்த டீயை அவர் தொடவில்லை. பாஸ்கர் அண்ணன் என்னைப் பார்த்து, "நல்லாத்தானே சொன்னேன் பாப்பா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சார் என்னிடம் தனியாகச் சொன்னார். "ரெக்கார்டு தப்புன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்? நாளைக்கு ஆடிட்ல மாட்டிப்போம் இல்ல?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ரெக்கார்டு சரிதான். ஜெசி என்ற கணக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்தது, மூடியது. ஆனால் அவர் வாயைத் திறந்து, அந்தக் கணக்கு வேறு, இந்தப் பெண் வேறு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு என்ன செலவாகியிருக்கும்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த மனிதரை மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்துப் பார்த்தேன், கோபம்தான் வந்தது.

மறுநாளே நைனாவின் செல்லுக்குத் தகவல் வந்தது. இப்போதைக்கு வேண்டாம், பையனுக்கு வேறு யோசனை இருக்கிறது என்று. நைனா ஃபோனை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் வாசலில் என் பதவியை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் விடவில்லை. டேவிட்டின் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்து, ஸ்டேஷன் பக்கத்து பூத்திலிருந்து அடித்தேன். நடந்ததை முழுக்க விளக்கினேன். நட்சத்திரக் குறி, நகல் எடுக்கும் புரோகிராம், ரூட், சார் என்று எதையும் விடவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டான். நடுவில் ஒரு கேள்வியும் கேட்டான், சரியான கேள்வி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது ஜெசிந்தா. பெரியப்பாவுக்குப் புரிய வைக்க முடியாது" என்றான்.

புரியாமல் வேண்டாம் என்றிருந்தால் நான் சீக்கிரம் மறந்திருப்பேன். இவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வேண்டாம் என்றான். பூத்துக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அழக்கூட முடியவில்லை.

அடுத்த நாள் சாரைக் கூப்பிட்டேன். திரும்பி நின்றேன். அவர் அடித்தார். நட்சத்திரத்தை அழித்துவிட்டு, கவனிக்க வேண்டியது மட்டும் என்ற சொல்லைப் போட்டேன். ராத்திரி நகல் வேலைக்கென்று ஆளில்லாத ஒரு புதுக் கணக்கை உண்டாக்கி, அதன் பெயருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிரின்டர் அடங்கியது. "இன்னா பாப்பா, ரிப்பேரா?" என்று பாஸ்கர் அண்ணன் வருத்தமாகக் கேட்டார்.

ஆடிட் நடந்தது. வந்தவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக லாக் வைத்திருக்கும் ஆலையை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். சிவராமன் சாருக்குப் பதவி உயர்வு, எனக்கு ஒரு துண்டு மைசூர்பாகு. தின்றேன். கோபத்திலும் எனக்கு இனிப்புப் பிடிக்கும்.

பிற்பாடு அம்பத்தூர் பக்கம் வேறு வேலைக்குப் போனேன். கல்யாணமும் ஆயிற்று. என் வீட்டுக்காரர் சேவியரின் குடும்பம் எந்தக் கேட்டுக்கும் போய் விசாரிக்கவில்லை. நம்பிக்கையெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம். அந்தக் குடும்பத்தின் சோம்பேறித்தனத்தைப் பற்றி நான் வேறு இடங்களில் நிறையப் பேசியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வசனம் உண்டு. யார் எதற்கு மறுப்புச் சொன்னாலும், "பேப்பர்ல போட்டுக்குதே!" என்று இன்னொருவர் நீட்டி முழக்குவார். அம்மாவின் வாக்காளர் அட்டையில் ஆண் என்று அச்சாகி வந்தபோது தம்பி அதைச் சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் படுத்துவிட்டான். என் மகன் கணக்கில் ஃபெயிலாகி, டீச்சர் தப்பாகத் திருத்திவிட்டார் என்று சாதித்தபோது சேவியர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் எப்படியும் நாலு தடவையாவது அது காதில் விழும். அம்மாவும் சேர்ந்துதான் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அது யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பது அம்மாவுக்கே மறந்துவிட்டதோ என்னவோ.

சம்பந்தம் கலைந்த அன்று சாயங்காலம், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நைனா வெளியே, தம்பி டியூஷனில். கேட்டில் நடந்ததையெல்லாம் முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல், குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஜெசி, அம்மாகிட்ட மட்டும் சொல்லு. நெசமா நீ ராத்திரில அங்க போவலியே?"

எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரே பாய். பிறந்ததிலிருந்து நான் அம்மாவுக்கு இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். நான் புரண்டு படுத்தால் அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும், கையை எடுத்து என்மேல் போட்டுக்கொள்வார்.

"இன்னாம்மா கேக்கற? தினிக்கும் உன் பக்கத்துலதானே படுத்துக்கினு இருந்தேன்?"

அம்மா அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சீவினார்.

"இருந்த. எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா பேப்பர்ல போட்டுக்குதேம்மா."